கண் சிமிட்டலுக்குச் சாப்பாட்டுத் தட்டைக் குற்றம் சொல்லும் முன்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் குடும்பநலப் பக்கத்தில் வந்த ஒரு கேள்வி-பதிலைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். தன் ஏழு வயது மகன் ஓயாமல் கண் சிமிட்டுகிறான், மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறான், சொன்னால் கேட்பதில்லை என்று ஒரு தாய் கேட்டிருந்தார். கோதுமை, பால், சர்க்கரை, சாக்லேட் நான்கையும் நிறுத்திவிடுங்கள், மூன்றே வாரத்தில் வித்தியாசம் தெரியும் என்று பதில் போட்டிருந்தீர்கள். மூன்று வாரத்தில் வித்தியாசம் பெரும்பாலும் தெரியத்தான் செய்யும். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

அந்தப் பதிலில் சொன்னதை நான் அப்படியே செய்து பார்த்தவள். என் மகனுக்கு ஆறு வயதில் கண் சிமிட்டல் ஆரம்பித்தது. பவர் வந்திருக்குமோ என்று கண் டாக்டரிடம் போனோம். கண்ணில் ஒன்றுமில்லை என்று சொல்லி, சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். சிமிட்டல் போய்த் தொண்டை செருமல் வந்தது, அதற்குச் சளி மருந்து. அலர்ஜி என்றார் ஒருவர், நரம்புத் தளர்ச்சி என்றார் இன்னொருவர், செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய் என்றார்கள் வீட்டில். கடைசியில் ஒரு குழந்தை நரம்பியல் டாக்டர்தான் விஷயத்தைச் சொன்னார்: இதற்கு ‘டிக்’ என்று பெயர், அவன் வேண்டுமென்று செய்வதில்லை, தும்மலை அடக்குகிற மாதிரி கொஞ்ச நேரம் அடக்கலாம், அவ்வளவுதான். நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். ராத்திரி போனை எடுத்தேன். விடிகாலை மூன்று மணிக்குள் கோதுமை குற்றவாளி ஆகிவிட்டது.

மறுநாளே நிறுத்தினேன். கூடவே பாலும் சர்க்கரையும். மூன்று வாரத்தில் தொண்டை செருமல் பாதியாகக் குறைந்தது, ஐந்தாவது வாரம் அறவே இல்லை. கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னேன், டாக்டருக்குத் தெரியாததை நான் கண்டுபிடித்துவிட்ட பெருமை வேறு. இரண்டு மாதம் கழித்து, தட்டில் ஒரு பருக்கை மாறாமல், வலது தோள் குலுங்க ஆரம்பித்தது. சரி, வேறு ஏதோ ஒன்று உள்ளே போகிறது என்று முட்டையை நிறுத்தினேன். குறைந்தது. திரும்ப வந்தது. கொட்டை வகைகளை நிறுத்தினேன், புளிப்புப் பழங்களை நிறுத்தினேன், கடையில் வாங்குகிற எல்லாவற்றையும் நிறுத்தினேன். எட்டாவது மாதத்தில் அவன் சாப்பிடக்கூடியவற்றின் பட்டியல் பிரிட்ஜ் கதவில் அரைத் தாளுக்குள் அடங்கிவிட்டது.

ஒரு நாள் அவன் வகுப்புப் பையனின் பிறந்தநாள் விழா. எல்லாப் பிள்ளைகளும் கேக்கைக் கையிலும் மூக்கிலும் அப்பிக்கொண்டு ஓடுகிறார்கள், இவன் மட்டும் தட்டைக் கீழே விழாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “ஆன்ட்டி, இதில் என்னென்ன போட்டிருக்கு?” என்று கேட்டுக்கொண்டு நிற்கிறான். ஏழு வயது. கேட்டுவிட்டுத் தட்டை அப்படியே மேஜையில் வைத்துவிட்டான். வீட்டுக்குத் திரும்பும் வழியில் தோள் நாலைந்து தடவை குலுங்கியது, அப்புறம் அவன் கேட்டான்: “நான் ஒரு துளிகூடச் சாப்பிடலையேம்மா, அப்புறம் ஏன் ஆடுது?”

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் அதே டாக்டரிடம் திரும்பப் போனேன். அவர் திட்டவில்லை. மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஒரு அலை வரைந்தார். டிக் இப்படித்தான் போகும், சில வாரம் கூடும், சில வாரம் தானாகக் குறையும், ஒன்று போய் இன்னொன்று வரும் என்றார். “இதில் எந்த இடத்தில் நீங்கள் சாப்பாட்டை மாற்றினீர்கள்?” என்று பேனாவை என் கையில் கொடுத்தார். நான் அலையின் உச்சியில் புள்ளி வைத்தேன். வேறு எங்கே வைப்பேன்? தாங்க முடியாமல் போகும்போதுதானே எந்தத் தாயும் எதையாவது செய்வாள்? உச்சியில் நிற்கிற அலைக்கு இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த நேரத்தில் கோதுமையை நிறுத்தினாலும் இறங்கும், பிள்ளைக்குச் சிவப்புச் சட்டை போட்டுவிட்டாலும் இறங்கும். பெயர் மட்டும் கோதுமைக்கோ சட்டைக்கோ போய்ச் சேரும்.

இந்த ஒரு விஷயம் உங்கள் பதிலில் இல்லை. மற்றதெல்லாம் அப்புறம்.

டிக் பெரும்பாலும் நாலிலிருந்து ஆறு வயதுக்குள் தொடங்குகிறது, பத்துப் பன்னிரண்டு வயதில் மோசமாகிறது, அதன் பிறகு பெரும்பாலானவர்களுக்கு வளர வளரக் குறைகிறது. பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம். பள்ளி வயதில் ஐந்தில் ஒரு பிள்ளைக்குக்கூட ஏதாவது ஒரு கட்டத்தில் வந்து போகலாம் என்கிறார்கள், அதில் பலருக்கு ஒரு வருஷத்துக்குள் தானே மறைந்துவிடும். உடம்பு அசைவுகள் பலவும், சத்தம் ஒன்றாவதும் சேர்ந்து, ஒரு வருஷத்துக்கு மேல் நீடித்தால் அதற்கு டூரெட் என்று பெயர். 1885இல் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதிய ஜில் த லா டூரெட் என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயர் அது. பரம்பரையாக வருவது இதில் பெரிய பங்கு. எங்கள் வீட்டிலும் விசாரித்தபோது, சின்ன வயதில் என் கணவர் மூக்கைச் சுளித்துச் சுளித்து அடி வாங்கிய கதை அப்போதுதான் வெளியே வந்தது. அவருக்கு யாரும் கோதுமையை நிறுத்தவில்லை, பதினாறு வயதில் தானாக நின்றுவிட்டதாம்.

அதற்காகச் சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கஃபீன் விஷயத்தில் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது. 2008இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில் டூரெட் உள்ள 224 பேரிடம் எது சாப்பிட்டால், எது குடித்தால் கூடுகிறது என்று கேட்டிருக்கிறார்கள். கோலா, காபி, கருந்தேநீர் என்று கஃபீன் உள்ளவைதான் முன்னால் வந்து நின்றன, சர்க்கரையும் பதப்படுத்தும் பொருட்களும் வந்தன. இது ஞாபகத்திலிருந்து சொன்ன பதில்களின் தொகுப்பு, யாருக்கும் எதையும் கொடுத்து அளந்து பார்த்ததில்லை. ஆனாலும் குழந்தைக்குக் கஃபீனால் ஒரு லாபமும் இல்லை, நிறுத்தினால் ஒரு நஷ்டமும் இல்லை. குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே பெரியவர்களுக்குச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது, சாயங்காலம் குடித்த கோலா ராத்திரித் தூக்கத்தில் கை வைக்கும், தூக்கம் கெட்டால் மறுநாள் டிக் கூடும். நான் கோதுமையைத் துரத்திக்கொண்டிருந்த அந்த எட்டு மாதமும் அவன் தாத்தாவின் டம்ளரிலிருந்து தினமும் அரை டம்ளர் காபி குடித்துக்கொண்டிருந்தான் என்பது பிறகு தெரிந்தது. என் பட்டியலில் காபி இல்லை, குழந்தை காபி குடிப்பான் என்று யார் நினைத்தார்கள்?

சர்க்கரை பற்றி ஒரு பழைய பரிசோதனையை நான் ஒருநாளும் மறக்க மாட்டேன். 1994இல் வெளியானது. சர்க்கரை சாப்பிட்டால் எங்கள் பையன் ஆடித் தீர்ப்பான் என்று நம்பிய 35 தாய்மார்களை, ஐந்திலிருந்து ஏழு வயதுப் பையன்களோடு கூப்பிட்டார்கள். எல்லாப் பையன்களுக்கும் கொடுத்தது சர்க்கரையே இல்லாத இனிப்பூட்டி. ஆனால் பாதித் தாய்மார்களிடம் மட்டும், உங்கள் பையனுக்கு நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம் என்று பொய் சொன்னார்கள். அந்தத் தாய்மார்கள் தங்கள் பையன் மிக அதிகமாகத் துள்ளுகிறான் என்று எழுதிக் கொடுத்தார்கள், அதோடு நிற்காமல் பையனை ஒட்டியே நின்று, அதிகமாகக் குறை சொன்னார்கள். அது துள்ளலைப் பற்றிய ஆய்வு, டிக் பற்றியது இல்லை. ஆனால் நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு மகனின் தோளை எண்ணிக்கொண்டிருந்த என்னை நான் அதில் பார்த்தேன். அளக்கிற கருவியே அம்மாவின் கண்ணாக இருந்தால், அதில் என்ன தெரியும் என்பது அம்மா எதை நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பதைப் பொறுத்தது.

செயற்கை நிறங்களும் இதே கதைதான். 2007இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் நடந்த ஆய்வு, சில நிறங்களும் சோடியம் பென்சோயேட் என்ற பதப்படுத்தும் பொருளும் சேர்ந்த பானம் சில குழந்தைகளின் துறுதுறுப்பைக் கூட்டுகிறது என்று காட்டியது, அதனால் ஐரோப்பாவில் 2010இலிருந்து அந்த நிறங்கள் உள்ள பாக்கெட்டில் எச்சரிக்கை வாசகம் போட வேண்டும். அதிலும் டிக் பற்றி ஒன்றுமில்லை. நிறத்தில் சத்தும் ஒன்றுமில்லை, அதனால் வேண்டாம் என்றால் தாராளமாக விடலாம்.

கோதுமைக்கு வருவோம், உங்கள் பதிலில் முதலில் நிற்பது அதுதான். 2018இல் ஸ்பெயினில், கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் இல்லாத சாப்பாட்டை டூரெட் உள்ள 29 பேருக்கு ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள், குறைந்தது என்றார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வழக்கம்போலச் சாப்பிட்ட இன்னொரு கூட்டம் அதில் இல்லை. ஒரு வருஷத்தில் இந்த அலை எத்தனை தடவை இறங்கும் என்று அந்த மருந்துச் சீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இன்னொன்று, இதை நீங்கள் கட்டாயம் போட்டிருக்க வேண்டும்: குளூட்டன் ஒவ்வாத சீலியாக் நோய் இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால், கோதுமையை நிறுத்தும் முன்பே ரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும். நிறுத்திய பிறகு செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். நல்லது செய்வதாக நினைத்து உண்மையான ஒரு நோயை மூடி மறைத்த மாதிரி ஆகிவிடும்.

இரும்புச்சத்து விஷயத்தில் என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். டூரெட் உள்ளவர்களிடம் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு மற்றவர்களைவிடக் குறைவாக இருப்பதாக 2006இல் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. காரணமா விளைவா என்று அதை வைத்து முடிவு கட்ட முடியாது. எப்படியோ, டாக்டர் என் மகனுக்கும் பார்க்கச் சொன்னார். 9 என்று வந்தது, ரொம்பக் குறைவு. எட்டு மாதமாக முட்டை, கொட்டை, கோதுமை எல்லாவற்றையும் நிறுத்தி, வைட்டமின் சி தருகிற புளிப்புப் பழத்தையும் நிறுத்தினால் வேறு எப்படி இருக்கும்? இரும்பு குறைந்தால் ராத்திரி கால் குறுகுறுத்துத் தூக்கம் கெடும், பகலில் எரிச்சல், அப்புறம் டிக். சாப்பாட்டால் டிக் வருகிறது என்று நான் நிரூபிக்கப் போய், சாப்பாட்டைப் பறித்ததால் அதைக் கூட்டினேனோ என்று இன்றைக்கும் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. டாக்டர் எழுதிக் கொடுத்த இரும்பு மருந்தை ஆரஞ்சுச் சாறோடு கொடுத்தோம், பாலோடும் தேநீரோடும் கொடுக்காதீர்கள், உடம்பில் சேராது என்றார். மூன்று மாதத்தில் தூக்கம் சரியானது, காலையில் எழுப்பினால் உதைக்கிற பழக்கம் போனது. டிக் நின்றதா என்றால் இல்லை. கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, ஆனால் அலை தெரிந்த பிறகு அந்த ‘மாதிரி’யை நான் நம்புவதில்லை.

தயவுசெய்து இதைப் படித்துவிட்டு யாரும் பரிசோதனை இல்லாமல் இரும்பு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம். அளவு மீறினால் இரும்பு சின்னப் பிள்ளைகளுக்கு உயிரை எடுக்கிற விஷம், பாட்டிலைப் பூட்டி வைக்க வேண்டும். ‘நரம்புக்கு நல்லது’ என்று கொடுக்கிற வைட்டமின் பி6 அதிக அளவில் தொடர்ந்து போனால் நரம்பையே கெடுக்கும். வைட்டமின் டி மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கப்படும். மெக்னீசியம் மிஞ்சினால் வயிற்றுப்போக்கு. மீன் எண்ணெயில் இருக்கிற ஒமேகா-3ஐ ஒழுங்காக, யாருக்கு எது என்று தெரியாமல் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், 2012இல் 33 பிள்ளைகளுக்கு 20 வாரம். டிக் அளவில் வெறும் மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் வரவில்லை, டிக்கால் படும் அவஸ்தை மட்டும் சிலருக்குக் கொஞ்சம் குறைந்தது.

சாப்பாடு நிஜமாகவே பெரிய விஷயமாகிற இடம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. டிக் கடுமையாக இருந்தால் கொடுக்கிற ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் மாதிரி மருந்துகள் பசியைத் தூண்டி எடையை ஏற்றிவிடும். அந்தப் பிள்ளைகளுக்கு என்ன சமைப்பது, எப்போது கொடுப்பது, மாதா மாதம் எடை பார்ப்பது எப்படி என்று உங்கள் பக்கத்தில் எழுதினால் எத்தனையோ வீட்டில் கத்தரித்து ஒட்டி வைப்பார்கள்.

எங்கள் வீட்டில் மாற்றம் வந்தது தட்டில் இல்லை, தட்டைச் சுற்றி. எட்டு மாதமாகச் சாப்பாட்டு நேரம் விசாரணை நேரமாக இருந்தது. அவன் ஒரு வாய் எடுத்து வைத்ததும் நான்கு பேர் கண்ணும் அவன் முகத்துக்குப் போகும், அவனுக்கும் அது தெரியும், தெரிந்ததும் சிமிட்டல் வரும். டிக்கைக் கவனித்தாலும் அதைப் பற்றிப் பேசினாலும் கூடும் என்று அந்த டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார், அது என் காதில் ஏறவில்லை. இப்போது யாரும் பார்ப்பதில்லை, நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், காபி கிடையாது. தாத்தாவுக்கு மட்டும் வருத்தம்.

ஏதாவது ஒரு உணவு மீது உண்மையாகவே சந்தேகம் இருக்கிறவர்களுக்கு டாக்டர் சொன்ன வழி இது. ஒரு சமயத்தில் ஒரே ஒரு பொருள். நிறுத்திக் குறைந்தால் சந்தோஷப்பட்டு அங்கேயே நிற்கக் கூடாது, திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும், திரும்பவும் நிறுத்திப் பார்க்க வேண்டும், எண்ணுகிறவர் அன்றைக்குப் பிள்ளை என்ன சாப்பிட்டான் என்று தெரியாத ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. நான் ஒரு தடவையும் திரும்பக் கொடுத்துப் பார்க்கவில்லை. பயம். பால், கோதுமை மாதிரி பெரிய பொருளை நிறுத்துவதாக இருந்தால் உணவியல் நிபுணரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

அப்புறம் பயிற்சி. அந்தத் தாய்க்கு முதலில் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். டிக் வருவதற்கு முன்னால் உடம்பில் ஒரு உணர்வு வரும், என் மகன் அதைத் “தோளுக்குள்ள நமநமன்னு இருக்கும்மா, ஒரு தடவை தூக்கினாத்தான் போகும்” என்பான். அந்த நமநமப்பைக் கண்டுபிடித்து, வரும்போது அதற்கு எதிரான ஒரு அசைவைச் செய்யப் பழக்குகிறார்கள். இவன் முழங்கையை விலாவோடு ஒட்டித் தோளைக் கீழே அழுத்தி, நமநமப்பு அடங்கும்வரை பிடித்துக்கொள்கிறான். வகுப்பில் பக்கத்துப் பையனுக்குக்கூடத் தெரியாது. சிபிட் என்று இதற்குப் பெயர். 2010இல் 126 பிள்ளைகளை வைத்துப் பத்து வாரம் நடந்த ஆய்வில் இந்தப் பயிற்சி எடுத்தவர்களில் பாதிக்கு மேல், 53 சதவீதம் பேர், நன்றாகத் தேறினார்கள். ஆறுதலும் விளக்கமும் மட்டும் கிடைத்தவர்களில் 19 சதவீதம். அமெரிக்க நரம்பியல் அகாடமி 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பயிற்சி தேவைப்படுகிறவர்களுக்கு இதை முதலில் கொடுக்கச் சொல்கிறது. டிக் லேசாக இருந்து பிள்ளைக்கும் தொந்தரவு இல்லை என்றால் ஒன்றுமே செய்யாமல் பொறுத்திருப்பதும் வைத்தியம்தான். ஆனால் ராத்திரியோடு ராத்திரியாகத் திடீரென்று கடுமையாக ஆரம்பித்தாலோ, பிள்ளை திடீரென்று சாப்பிடப் பயந்தாலோ, அசைவின்போது நினைவு தப்பினாலோ காத்திருக்கக் கூடாது, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அதே பக்கத்தில், அதே அளவில், அந்தத் தாயின் கேள்விக்கு ஒரு குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் பதில் வாங்கிப் போடுங்கள். இன்னும் இரண்டு மூன்று வாரத்தில் அந்தத் தாயிடமிருந்து உங்களுக்கு நன்றிக் கடிதம் வரக்கூடும், நானாக இருந்தால் எழுதியிருப்பேன். அதை அச்சிடுவதற்கு முன் ஒரு நாலு மாதம் மேஜையிலேயே வைத்திருங்கள், அப்புறம் அவரிடமே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒன்பது வயதுப் பையனின் அம்மா
(பெயர் வேண்டாம். பையன் செய்தித்தாள் படிக்க ஆரம்பித்துவிட்டான்.)